மாத்திரை தீர்ந்தது வீட்டில் யாருக்குத் தெரியும்?

கேள்வி: குழந்தை பிறந்து 9 மாதம் ஆகிறது. 3-ஆம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. 6-ஆம் மாதம் வாக்கில் நின்றது. இப்போது ஒரு மாதமாக மறுபடியும் கொட்டுகிறது. எப்போதும் அசதி வேறு; வேலை அதிகம், அதனால் இருக்கும். கணவர் முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார். (தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு 5 மாதம் ஆனபோது தீர்ந்தது, வாங்க நேரமில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி மட்டும் ஒன்றுகூடத் தவறவில்லை.) ஹார்மோனால் கொட்டும் முடிக்கு எந்த எண்ணெய் நல்லது?
– பெயர் வேண்டாம்

பதில்: எண்ணெயை விடுங்கள். அடைப்புக்குறிக்குள் ஒளித்துவைத்தீர்களே, அதுதான் உங்கள் கடிதம். மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை.

தலைமுடி ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும். அப்புறம் சில வாரத்தில் வளர்ச்சியை முடித்துக்கொண்டு, சுமார் 3 மாதம் சும்மா இருந்துவிட்டு விழும். அதாவது இன்று சீப்பில் வருகிற முடிக்கான காரணத்தை 3 மாதத்துக்கு முன்னால் தேட வேண்டும்.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறியிருக்கும். உதிர வேண்டிய முடியைக்கூட அது வளரும் கட்டத்திலேயே பிடித்துவைக்கும். பிரசவம் ஆனதும் அது சட்டென்று இறங்க, பிடித்துவைத்ததெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போய், சில மாதத்தில் ஒன்றாக விழுகிறது. மிங்க், காஷ்மீர் ஆடு போன்ற விலங்குகளுக்கு இது பருவந்தோறும் நடக்கிற காரியம். பகல் நீள்வதும் குறைவதும் மெலடோனின் என்ற ஹார்மோன் வழியாக உடம்புக்குத் தெரிகிறது, புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறி இறங்குகிறது, ரோமம் மொத்தமாக மாறுகிறது. மனிதத் தலையில் மயிர்க்கால் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடும். பிரசவம்தான் கொஞ்ச காலம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. உங்கள் முதல் உதிர்வு அது. வந்தது, போனது.

இரண்டாவதைப் பார்ப்போம். 5-ஆம் மாதம் மாத்திரை நின்றது. 8-ஆம் மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. இந்தக் கணக்கை உங்கள் கையாலேயே எழுதி அனுப்பிவிட்டு என்னிடம் எண்ணெய் கேட்கிறீர்களே அம்மா! மயிர்க்கால் வளரும் கட்டத்தில் நீடிக்கத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அது குறைந்தால் முடி முன்கூட்டியே ஓய்வுக்குப் போகும். வேலையின் தலையில் நீங்கள் போட்ட அசதிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ரத்தம் பார்க்காமல் நான் சத்தியம் செய்ய மாட்டேன். இரும்புச்சத்து குறைந்தாலும் இப்படிக் கொட்டும். தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பார்க்க வேண்டும். பழைய சீட்டை நீட்டி மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். கர்ப்பத்தின்போது அளவைக் கூட்டுவார்கள், பிரசவத்துக்குப் பின் குறைப்பார்கள். இப்போது உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதற்கு அந்த மாத்திரை தடையில்லை.

அந்த பயோட்டின் இருக்கிறதே, அது சும்மாவும் இருக்காது. சில பரிசோதனை முறைகளில் தைராய்டு அளவையே தப்பாகக் காட்டவைக்கும். குறைவாக இருப்பவருக்கு எல்லாம் சரி என்று சீட்டு வரலாம். போதாக்குறைக்கு, பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளர்ந்தது என்பதற்கு நல்ல ஆதாரமும் கிடையாது.

மனைவியின் முடி கொட்டுவது கண்ணில் பட்டு, கடைக்குப் போய் மாத்திரையும் வாங்கி வந்த மனிதருக்கு, அவள் தினமும் போட வேண்டிய மாத்திரை 4 மாதமாக வீட்டில் இல்லை என்பது தெரியவில்லை. நீங்களும் சொல்லவில்லை. இருவர் மேலும் எனக்குக் கோபம்தான். தடுப்பூசித் தேதி பிசகாத வீட்டில், அந்தக் குழந்தையை இரவெல்லாம் சுமக்கிறவளின் மாத்திரைக்கு மட்டும் நேரமில்லையா? தாய் தன் உடம்பைக் கவனிக்காமல் விடுவதைத் தியாகம் என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு எந்தக் காலத்திலும் ஒத்துப்போனதில்லை. குழந்தைக்குச் செய்ய வேண்டிய கடமையில் அதன் அம்மாவை நல்லபடியாக வைத்திருப்பதும் சேர்த்தி. அது உங்களுக்கும் கடமை, அவருக்கும் கடமை.

பயோட்டினை இன்றே நிறுத்துங்கள். மூன்றாம் நாள் காலையில் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் ரத்தம் கொடுத்து வாருங்கள். பயோட்டின் சாப்பிட்டதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துச்சீட்டு அவரிடம் இருக்கட்டும். அடுத்த முறை தீர்வதற்குள் வாங்கி வைப்பது அவர் பொறுப்பு. மருந்து தொடங்கிய பிறகும் சில மாதம் முடி விழும், ஏற்கெனவே ஓய்வுக்குப் போனது விழத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு மாத்திரை வேலை செய்யவில்லை என்று மறுபடி நிறுத்திவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.