மூட்டை தூக்கிய இடுப்பு

கேள்வி: மஞ்சள் மூட்டை தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவசரப் பிரிவுக்குப் போய் அக்குபஞ்சர் கேட்கலாமா டாக்டர்?
- வாசகர், பெருந்துறை

பதில்: மெல்லிய ஊசி குத்திச் செய்யும் அக்குபஞ்சரைக் கேட்கலாங்க, ஆனால் நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் கிடைக்காது. மெல்பர்னில் 4 அவசரப் பிரிவுகளில் 528 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. இடுப்பு வலிக்கு அக்குபஞ்சரும் வலி மருந்தும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கேட்டன. முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டுமே பலருக்குப் போதவில்லை! ஈரோட்டில் நான் இரவுப் பணி பார்த்த காலத்திலும் அப்படித்தான். "வலி ஊசி போட்டும் வலிக்குதே" என்று சண்டைக்கு வந்த சுமைதூக்கும் அண்ணன்மார் எத்தனை பேர்! சரி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடைத்தாலோ அக்குபஞ்சர், வலி ஊசியெல்லாம் அப்புறம், முதலில் ஸ்கேன்.