லண்டனின் பழைமையான பப் ஒன்றில் மரபான ஆங்கில உணவை எங்கே, எப்படிச் சாப்பிடலாம்?

சதர்க்கில், லண்டன் பிரிட்ஜ் நிலையத்துக்கு அருகிலுள்ள 'தி ஜார்ஜ்' விடுதியையே முதலில் சொல்வேன். 1676ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பின் மீண்டும் கட்டப்பட்டு, இன்று நேஷனல் டிரஸ்ட் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையின் உடைமையாக உள்ள இதுவே, மர மாடித் தாழ்வாரங்களுடன் குதிரை வண்டிப் பயணிகளுக்காக அமைந்த விடுதிகளுள் லண்டனில் எஞ்சியிருக்கும் ஒன்றாகும். மற்றப் பகுதிகளை ரயில் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டதால் ஒரு பக்கம் மட்டுமே நிற்கிறது.

பப் உணவுகளில் மரபானது ஞாயிறு மதிய 'சண்டே ரோஸ்ட்'. முன்பதிவு செய்துகொள்வது நல்லது. ஓவனில் வாட்டிய மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கறி, கிரேவி ஆகியவற்றுடன் யார்க்‌ஷயர் புட்டிங்கும் வரும். மைதா, முட்டை, பால் சேர்த்துக் கரைத்த மாவை நன்கு காய்ந்த கொழுப்பில் ஊற்றி ஓவனில் வைக்கும்போது, அதிலுள்ள நீர் ஆவியாகி மாவை உப்பச் செய்கிறது. விலையுயர்ந்த இறைச்சி குறைவாகச் செலவாகட்டும் என்று, இதை முதலில் பரிமாறி வயிற்றை நிரப்பும் சிக்கனம் முற்காலத்தில் இருந்தது. நம் நாவுக்கு இவையெல்லாம் சற்றுச் சப்பென்றிருக்கலாம். ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரமான கிழங்கில் செய்த சாஸ் கேளுங்கள், காரம் மூக்கில் ஏறும்.

சைவ உணவினர், உருளைக்கிழங்கு விலங்குக் கொழுப்பில் வறுபட்டதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பப்களில் மேசை எண்ணைக் குறித்துக்கொண்டு, கவுண்டரில் உணவைச் சொல்லி அங்கேயே பணம் செலுத்துவதே வழக்கம்.