எச்.ஐ.வி.யை மட்டுப்படுத்தும் வைரஸ்: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். ஆறு ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். உடன் தங்கியிருப்பவர்களுக்குத் தெரியாமல் அதைச் சாப்பிடுவதே பெரும்பாடாக இருக்கிறது. தீங்கில்லாத ஒரு வைரஸ் உடம்பில் இருந்தால் எச்.ஐ.வி. அடங்கிவிடும் என்கிறார்களே, அதை ஊசியாகப் போட்டுக்கொண்டு மாத்திரையை நிறுத்தலாமா, டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மும்பை

பதில்: மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். அப்படி ஓர் ஊசியும் கிடையாது. ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது வெறும் வதந்தி அன்று என்பதால் அதை விளக்க வேண்டியது என் கடமை.

அதன் பெயர் ஜி.பி. வைரஸ் சி. 1995இல் கண்டறியப்பட்டபோது கல்லீரல் அழற்சிக்குக் காரணம் எனக் கருதி ஹெபடைட்டிஸ் ஜி என்றும் அழைத்தார்கள். கல்லீரலை அது கெடுப்பதில்லை என்று பின்னர் தெரிந்தது. இப்போதைய பெயர் மனித பெகிவைரஸ். எச்.ஐ.வி. பரவும் வழிகளிலேயே இதுவும் பரவுவதால், இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பது புதிதன்று.

வெள்ளணுவுக்குள் நுழைய எச்.ஐ.வி.க்கு சி.டி.4 என்னும் புரதம் மட்டும் போதாது, பெரும்பாலும் சி.சி.ஆர்.5 என்ற இரண்டாவது புரதமும் அகப்பட வேண்டும். பெகிவைரஸ் இருக்கும்போது ராண்டெஸ் போன்ற வேதித்தூதுகள் மிகுதியாகச் சுரந்து, சி.சி.ஆர்.5இல் ஒட்டிக்கொள்ள, அந்தப் புரதம் அணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டுவிடுகிறது என்பதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். எச்.ஐ.வி.க்குப் பிடிமானம் குறைகிறது. அத்துடன், எச்.ஐ.வி. மும்முரமாகப் பெருகத் தேவையான வெள்ளணுக் கிளர்ச்சியையும் பெகிவைரஸ் தணிக்கிறது.

அமெரிக்காவின் அயோவாவில் எச்.ஐ.வி. உள்ள 362 பேரைத் தொடர்ந்து கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், பெகிவைரஸும் இருந்த 144 பேரில் 41 பேரும், அது இல்லாத 218 பேரில் 123 பேரும் இறந்திருந்தனர். நானும் வியந்து படித்த எண்கள் இவை. ஆனால், பெகிவைரஸ் குடியிருப்பதே வெள்ளணுக்களில்தான்; அவை அழிந்தால் அதற்கும் இடமில்லை. ஆகவே அது இருந்ததால் உடல் தேறியதா, உடல் தேறியிருந்ததால் அது தங்கியதா என்ற கேள்வி எழுந்தது. எல்லா ஆய்வுகளும் ஒரே விடையைத் தரவுமில்லை. லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயோடு இந்த வைரஸைத் தொடர்புபடுத்தும் ஆய்வுகளும் உள்ளன. பிறர் இரத்தத்திலிருந்து இதைப் பெற முயன்றால் ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவையும் கூடவே வரலாம்.

உங்கள் மாத்திரையோ, தவறாமல் சாப்பிட்டால், இரத்தத்தில் எச்.ஐ.வி.யைப் பரிசோதனைக்கே தென்படாத அளவுக்குக் குறைத்துவிடும். அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவு மூலம் பிறருக்கு அது பரவாது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே மீண்டும் பெருகும்.

மறைத்துச் சாப்பிடும் வேதனை எனக்குப் புரிகிறது. டி.எல்.டி. என்னும், மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரையாக இருந்தால், தனிமை கிடைக்கும் வேறொரு வேளைக்கு மாற்ற ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் கேளுங்கள். உங்கள் நிலையை அவர் பிறரிடம் சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. பாட்டிலில் குலுங்கும் சத்தம் கேட்குமென்று மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வியர்வையிலும் மழைக்கால ஈரத்திலும் அவை கெட்டுவிடும். உள்ளிருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுக்காமல், பாட்டிலைக் கைத்துண்டில் இறுகச் சுற்றி வையுங்கள். சத்தம் குறைந்துவிடும்.