வனவிலங்கு உயிரியல் படிக்கலாமா? கேட்டதும் சொன்னதும்

ஊட்டியில் இதைப் படித்துவிட்டு இப்போது முதுமலைப் பக்கம் களப்பணியில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கோத்தகிரி மாணவி: அக்கா, பிளஸ் டூவில் பயாலஜி குரூப். இதற்கும் நீட் எழுதணுமா?

வேண்டாம்மா. அரசுக் கலைக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியலும் வனவிலங்கு உயிரியலும் சேர்ந்த துறை இருக்கிறது.

குன்னூர், ஒரு தந்தை: மேடம், பையன் எந்நேரமும் புலி, யானை என்றே பேசுகிறான். மூன்று வருடமும் காட்டுக்குள்தான் இருப்பார்களா?

இல்லைங்க. பாதிக்கு மேல் வகுப்பறைதான்: செல் உயிரியல், மரபியல், சூழலியல், புள்ளியியல். புலி ஆசையில் வந்து புள்ளியியலில் திணறியவர்களே அதிகம்.

களத்திலும் விலங்கைவிட அதன் தடயத்தைத்தான் அதிகம் பார்ப்போம். விடியற்காலையில் ஒரு நேர்கோட்டுப் பாதையில் நடக்க வேண்டும். மான் கூட்டம் கண்ணில் பட்டால் எத்தனை, எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் என்று குறிக்க வேண்டும். அந்தத் தூரங்களை வைத்துத்தான் ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை மான் என்று கணக்கிடுவோம். அப்புறம் செடிகள். உண்ணிச்செடி மண்டினால் அடியில் புல் வளராது. புல் இல்லாத இடத்தில் மானுக்கு என்ன வேலை? அதனால் பையனுக்குத் தாவரமும் பிடிக்க வேண்டும். கல்லூரி அடையாள அட்டையை நீட்டினால் காட்டுக்குள் விட்டுவிட மாட்டார்கள். சரணாலயத்தில் ஆய்வு செய்ய வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்.

பெருமாள்மலை மாணவர்: கல்லூரி திறக்கும்வரை கொடைக்கானலில் என்ன செய்யலாம் அக்கா?

சோலை ஓரமாகப் பறவை பாருங்கள் தம்பி. உங்கள் பழனி மலைச் சிரிப்பானும் எங்கள் நீலகிரிச் சிரிப்பானும் வேறு வேறு இனங்கள். நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருப்பதால் மலைக்காட்டுப் பறவைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. ஊருக்குள் வரும் காட்டுமாட்டையும் விடாதீர்கள். இடம், நேரம், எத்தனை என்று எழுதி வையுங்கள். பக்கத்தில் போய் செல்ஃபி மட்டும் வேண்டாம்.

கூடலூர், இரண்டாம் ஆண்டு: வேலை கிடைக்குமா? ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) தேர்வு எழுதலாமா?

இளங்கலையோடு நிறுத்தினால் பெரும்பாலும் ஆய்வுத் திட்டங்களில் தற்காலிக உதவியாளர் வேலைதான். முதுகலை அவசியம். ஊட்டியிலேயே இருக்கிறது. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் நல்ல இடம். டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இரண்டுக்கும் நுழைவுத்தேர்வு உண்டு, இடங்களும் குறைவு. ஐ.எஃப்.எஸ். தகுதிப் பட்டியலில் விலங்கியல், தாவரவியல், புள்ளியியல் போன்ற பாடங்கள்தான் பெயரோடு இருக்கின்றன. உங்கள் பட்டத்தில் விலங்கியல் எப்படிக் குறிப்பிடப்படுகிறது என்று இப்போதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மஞ்சூர், ஒரு தாய்: பெண் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பலாமா?

தனியாக யாரையும் அனுப்ப மாட்டார்கள் அம்மா, ஆணானாலும் சரி. கூடவே வேட்டைத் தடுப்புக் காவலர் வருவார். இங்கே அவர்களில் பலர் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர். யானை வாடையைப் பிடித்து அவர்கள் நில் என்றால் பேராசிரியரும் நிற்பார்.

அதே கோத்தகிரி மாணவி: பைனாகுலர் வாங்கட்டுமா அக்கா?

முதல் வருடம் வேண்டாம், துறையில் இருப்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காசில் நல்ல மழைக்கோட்டும் அட்டைப்பூச்சி ஏறாத காலுறையும் வாங்கு.