14,000 ரூபாய்க்கு ஒரு காகிதக் கப்பல்: வாங்கலாமா?

கேள்வி: ஊட்டி இந்து நகரில் வசிக்கிறேன். ஃபிலிம் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லேசரில் வெட்டிய அட்டைப் பாகங்களைக் கொண்டு செய்யும் பாய்மரக் கப்பல் கிட் ஒன்றின் மேல் ஆசை வந்திருக்கிறது. போலந்து தயாரிப்பு, மூன்று பாய்மரம். தபால், வரி எல்லாம் சேர்த்தால் 14,000 ரூபாயைத் தாண்டும் போலிருக்கிறது. வெறும் அட்டைக்கு இவ்வளவு கொடுக்கலாமா? எங்கள் ஊர் மழைக்கு அது தாங்குமா? பேரனின் பள்ளி ப்ராஜெக்ட் தவிர எனக்கு வேறு அனுபவம் கிடையாது. ஜெர்மனியில் இருக்கும் மகள் மே மாதம் வருகிறாள்.

பதில்: விலையில் அநியாயம் இல்லை சார். ஆனால் முதல் கப்பலாக மூன்று பாய்மரத்தைத் தொடாதீர்கள். அப்புறம், ஊட்டியில் இருப்பதால் பட்ஜெட்டில் ஒரு பங்கை ஈரத்தைச் சமாளிக்க எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குக் கப்பல் பாருங்கள்.

முதலில் பணம் எங்கே போகிறது என்று சொல்லிவிடுகிறேன். காகிதக் கப்பல் என்பது ஆதியில் அச்சிட்ட புத்தகம்தான்; அதன் பக்கங்களில் உள்ள பாகங்களைக் கத்தியால் வெட்டி ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக் கிட் அரிதாக இருந்த காலத்தில் போலந்தில் இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றியது. இதற்கென்றே 1957 முதல் அங்கே ஒரு பத்திரிகை வந்தது. அச்சுப் புத்தகத்தை அதிகப் பிரதி அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கிவிடும். லேசரில் அப்படி இறங்காது. ஆயிரமாவது தாளை வெட்டவும் முதல் தாளுக்கு ஆன அதே நேரம் ஆகும். இதோடு கடைந்தெடுத்த பீரங்கிக் குழாய்கள், கயிறுகளுக்கான நூல், பாய்த் துணி, சில கிட்டுகளில் பெயின்டும் பிரஷும்கூடச் சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய வரைபடங்களைப் பார்த்து, கப்பலின் உள்ளே விலா எலும்புபோல நிற்கும் ஒவ்வொரு சட்டத்தையும் வரைந்தவரின் உழைப்பு. வாங்குபவர்களோ உலகம் முழுக்கச் சேர்த்தாலும் கொஞ்சம் பேர்தான்.

அந்த லேசருக்குக் காசு கொடுப்பது இரண்டு இடத்தில் முழுக்க நியாயம். ஒன்று, எலும்புக்கூடு. கப்பலின் உட்சட்டம் 1 மி.மீ. கனமுள்ள அட்டையில் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். கத்தியால் இந்தக் காடிகளை, அதாவது பூட்டும் பள்ளங்களை, வெட்டினால் விரல் வலி ஒரு பக்கம் இருக்கட்டும், அரை மில்லிமீட்டர் பிசகினாலே அடிமரம் (கப்பலின் முதுகெலும்பு) முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய அடிமரத்தை அப்புறம் எதுவும் நிமிர்த்தாது. இரண்டாவது, கைப்பிடிக் கம்பிகளும் ஏணிகளும். 1:200 அளவில், அதாவது நிஜத்தில் இருநூறில் ஒரு பங்காகச் செய்யும்போது, 0.2 மி.மீ. காகிதம் என்பது நிஜக் கப்பலில் 4 செ.மீ. கனம். அந்த மெலிவு பிளாஸ்டிக் அச்சில் வராது, கையாலும் வெட்ட முடியாது. காகிதக் கப்பல்மேல் பித்துப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த மெலிவைப் பார்த்துத்தான் விழுகிறார்கள். மற்ற பாகங்களுக்கு ஒரு நல்ல கத்தி போதும் என்பது என் கருத்து.

லேசர் அட்டையை வெட்டுவதில்லை, எரிக்கிறது. அதனால் ஓரமெல்லாம் பழுப்பேறி, மெல்லிய கரி படிந்திருக்கும். மென்மையான பிரஷால் அதைத் தட்டிவிடாமல் ஒட்டினால் பசை சரியாகப் பிடிக்காது, விரல்கறை தளத்தில் ஏறும். பாகங்கள் தாளில் சின்னப் பாலங்களால் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிய்க்காமல் கத்தி முனையால் அறுக்க வேண்டும். வெளியே தெரியும் ஓரங்களுக்கு வாட்டர்கலர் பூசிவிடலாம்.

இனி ஈரம். ஃபிலிம் ஆலையில் இருந்தவருக்குக் காற்றின் ஈரப்பதம் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. காகித இழை ஈரம் குடித்தால் நீளத்தில் அதிகம் மாறாது, குறுக்கில் உப்பும். அதனால் தாள் ஒரு திசையில் கூடுதலாக விரியும். மழைக்காலத்தில் உப்பிய தாளைச் சட்டத்தின்மேல் ஒட்டிவிட்டால், வெயில் வந்ததும் அது சுருங்கி இறுகி, பட்டினி கிடந்த மாட்டின் விலாபோல உள்சட்டம் வெளியே தெரியும். ஊட்டியில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபரில் அடுத்த மழை. ஆகவே கப்பலின் வெளித்தோலை ஒட்டும் வேலையை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களில் பீரங்கி, படகு, கப்பி என்று சில்லறை வேலைகளைப் பார்க்கலாம்.

அந்த ஜனவரியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை கடும் குளிரில் படலமாக இறுகாமல், சுண்ணாம்புபோல வெளுத்துப் பொடியும். உறைபனி விழும் இரவில் ஒட்டாதீர்கள். வெயில் ஏறிய பிறகு, பசைப் புட்டியையும் சற்று வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். பசையில் நீர் இருப்பதால் மெல்லிய தாளுக்கு ஊசிமுனை அளவே போதும். கும்முட்டி அருகில் உட்கார்ந்து வேலை செய்வது சுகம்தான். ஆனால் தாள் ஒரு பக்கமாகக் காய்ந்து வளையும். புகையும் படியும்.

முடித்த கப்பலைக் கண்ணாடி அலமாரியில் வைத்தால் மட்டும் போதாது. மூடி இறுகப் பொருந்தும் பெட்டி வேண்டும். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், கூடவே சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. 50 சதவீதத்தை ஒட்டி, ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் இருந்தால் நிம்மதி. துணி அலமாரியில் பல்பு எரியவிடும் நம் ஊர் வழக்கம் இங்கே உதவாது. எல்.இ.டி. பல்பில் சூடு போதாது, பழைய குண்டு பல்பைக் காகிதத்தின் பக்கத்தில் வைப்பது ஆபத்து. மேட் வார்னிஷ் ஸ்ப்ரே ஈரம் ஏறுவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. பூஞ்சைக்கும் அந்தப் பெட்டிதான் மருந்து. கேமரா லென்ஸில் பூஞ்சை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சரி, எதை வாங்குவது? ஷிப்யார்ட் என்ற போலந்து நிறுவனத்தின் லேசர் வரிசையில் 1777-ஆம் ஆண்டு அலர்ட் போல ஒற்றைப் பாய்மரக் கப்பல் இருக்கிறது. மூன்று பாய்மரக் கப்பலில் உடல் முடிந்த பிறகுதான் கயிறு கட்டும் வேலை தொடங்கும். பலர் அந்தக் கட்டத்தில்தான் பெட்டியை மூடி வைக்கிறார்கள். கயிறே வேண்டாம் என்றால் இரும்புக் கப்பல் பக்கம் போகலாம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுமார் 118 மீட்டர் நீளம். 1:200 அளவில் ஏறக்குறைய 59 செ.மீ. வரும். எந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, பெட்டிக்கு இடம் இருக்கிறதா என்று அளந்த பிறகே பணம் கட்டுங்கள். டைட்டானிக்குக்கு அதே அளவில் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வேண்டும்!

செலவைக் குறைக்க இரண்டு வழி. மகள் தன் பெட்டியில் கொண்டு வரட்டும். இந்த விலையுள்ள பொருள், வேறு பெரிய சாமான் இல்லையென்றால், பயணிகளுக்கான வரியில்லா வரம்புக்குள் அடங்கிவிடும். தபாலில் வந்தால் சுங்க வரி கட்டத்தான் வேண்டும். ‘பரிசு’ என்று எழுதி அனுப்பித் தப்பிக்கும் வழி 2019 டிசம்பரோடு அடைபட்டுவிட்டது.

இன்னொன்று, விலை குறைந்த அச்சுப் புத்தகத்தை வாங்கி, சட்டத்தை மட்டும் இங்கே வெட்டிக்கொள்வது. கல்யாணப் பத்திரிகையை லேசரில் வெட்டித் தரும் கடைகள் கோயம்புத்தூரில் உண்டு. சட்டத்தின் பக்கங்களை ஸ்கேன் செய்து, கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் கோடு கோடாக வரைந்து கொடுத்தால், 1 மி.மீ. கிரே போர்டில் வெட்டித் தருவார்கள். அட்டையின் கனத்தைக் காலிப்பரில் அளந்து, காடியின் அகலத்தை அதற்கேற்ப வரையுங்கள். கம்பிகளையும் ஏணிகளையும் அந்தக் கடையில் கொடுக்காதீர்கள், அந்த மெலிவில் கருகிப்போகும். அவற்றைத் தனி லேசர் தாளாக விற்கிறார்கள். உங்கள் கப்பலுக்கு உண்டா என்று பார்த்து, புத்தகத்தோடு சேர்த்து மகளிடம் சொல்லிவிடுங்கள்.