சண்டை கேம்களில் விருந்தாளிக் கதாபாத்திரங்களைத் தேர்ந்தெடுப்பது ரசிகர்களா, கம்பெனிகளின் வியாபார உறவுகளா?

2015-இல் நின்டெண்டோ ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. வெவ்வேறு கேம்களின் நாயகர்கள் மோதும் ஸ்மாஷ் பிரதர்ஸ் கேமில் அடுத்து யார் வர வேண்டும் என்று உலகம் முழுக்கக் கேட்டார்கள். நானும் ஓட்டுப் போட்டேன். நான் எழுதிய பெயர் கிங்டம் ஹார்ட்ஸ் நாயகன் சோரா. அந்த டிசம்பரில் வந்த அறிவிப்பிலோ பயோனெட்டா நின்றாள். அந்த அறிவிப்பின் வாசகத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும்: பேச்சுவார்த்தை நடத்த முடிந்த, செய்து முடிக்கவும் முடிந்த கதாபாத்திரங்களுக்குள் உலக அளவில் முதலிடம் என்றார்கள். ஆறு வருஷம் கழித்து 2021 அக்டோபரில் சோராவை அறிமுகப்படுத்தியபோதுதான், அந்த வாக்கெடுப்பில் எல்லாரையும் விட அதிக ஓட்டு வாங்கியவன் அவன்தான் என்று இயக்குநர் மசாஹிரோ சகுராய் சொன்னார்.

ரசிகர்கள் வருஷக்கணக்கில் கேட்கும் ஆள் வராமல், யாரும் நினைத்தே பார்க்காத ஆள் எப்படி வந்து நிற்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் அந்த வாசகத்திலேயே இருக்கிறது. யார் வேண்டும் என்பதை நாம் சொல்லலாம். யாரிடம் போய்க் கேட்க முடியும் என்பது கம்பெனிகளுக்குள் ஏற்கெனவே நடக்கும் கொடுக்கல் வாங்கலைப் பொறுத்தது. பயோனெட்டா சேகாவின் சொத்து. ஆனால் 2014-இல் வந்த பயோனெட்டா 2-க்குப் பணம் போட்டு வெளியிட்டதே நின்டெண்டோ. போய் வந்து பழகிய இடம். சோரா விஷயத்தில் கேமைச் செய்வது ஸ்கொயர் எனிக்ஸ், உரிமை டிஸ்னியிடம். இரண்டு வாசல்களும் திறக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எனக்கு முதலில் தென்பட்டது நாம்கோவின் வாள் சண்டை கேமான சோல்காலிபர் 2-இல். 2003-இல் அது மூன்று கன்சோல்களுக்கு வந்தது. என்னிடம் இருந்தது பிளேஸ்டேஷன் 2. அதில் நாம்கோவின் இன்னொரு சண்டைத் தொடரான டெக்கனின் ஹெய்ஹாச்சி இருந்தார். நண்பனின் கேம்கியூபில் அதே கேமைப் போட்டால் அவருடைய இடத்தில் நின்டெண்டோவின் செல்டா நாயகன் லிங்க். எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு காமிக்ஸ் நாயகன் ஸ்பான். ஒரே கேம், உள்ளே வேறு ஆள். அந்த வயதில் எனக்குக் காரணம் புரியவில்லை.

இப்போது பார்த்தால் மூன்று தேர்வுகளும் மூன்று விதமான உறவுகள். லிங்க்கைக் கொடுக்க நின்டெண்டோ சம்மதித்த சமயத்தில்தான் நாம்கோ, சேகா, நின்டெண்டோ மூன்றும் சேர்ந்து ட்ரைஃபோர்ஸ் என்ற ஆர்கேட் இயந்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தன. ஸ்பானின் சொந்தக்காரர் டாட் மெக்ஃபார்லேன் அதோடு நிற்கவில்லை. நெக்ரிட் என்ற புதுக் கதாபாத்திரத்தையும் அந்த கேமுக்காக வடிவமைத்தார், அவருடைய பொம்மைக் கம்பெனி சோல்காலிபர் பொம்மைகளை விற்றது. ஹெய்ஹாச்சி நாம்கோவின் சொந்தப் பிள்ளை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2013-இல் இதே கேம் எச்டி பதிப்பாக பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தபோது ஹெய்ஹாச்சியும் ஸ்பானும் சேர்ந்தே இருந்தார்கள். லிங்க் இல்லை. போட்டிக் கம்பெனியின் கன்சோலில் அவன் எப்படி இருப்பான்?

நின்டெண்டோவுக்கும் நாம்கோவுக்குமான நட்பு அங்கே முடியவில்லை. 2014-இலும் 2018-இலும் வந்த ஸ்மாஷ் கேம்களைச் செய்து கொடுத்ததே, பண்டாயுடன் இணைந்து பண்டாய் நாம்கோ ஆகியிருந்த அதே நாம்கோ. 2014-இல் நாம்கோவின் பேக்மேன் உள்ளே வந்தான். ஹெய்ஹாச்சியையும் யோசித்தார்கள், அவருடைய அசைவுகளை ஸ்மாஷுக்குள் கொண்டுவருவது கடினம் என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் 2021-இல் அவர் மகன் கஸுயா வந்தான். லிங்க் போனதற்கும் கஸுயா வந்ததற்கும் நடுவே கிட்டத்தட்ட இருபது வருஷம். இத்தனை நீண்ட போக்குவரத்தை ஒரு கேமின் பட்டியலை மட்டும் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்தடுத்த பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சோல்காலிபர் 6-இல் விட்சர் நாயகன் கெரால்ட் வந்ததும் இதே வகை: மேற்கு ஐரோப்பாவில் விட்சர் 3-ஐ விநியோகம் செய்தது பண்டாய் நாம்கோதான்.

ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் பரிமாற்றம் இதைவிடச் சுலபம். மார்ட்டல் கொம்பாட்டைச் செய்த மிட்வே 2009-இல் திவாலானது. அதன் பெரும்பகுதியை வார்னர் பிரதர்ஸ் சுமார் 3.3 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்து வந்த 2011 கேமில் திகில் பட வில்லன் ஃப்ரெடி க்ரூகர். அவனுடைய படங்களை எடுத்த நியூ லைன் வார்னருக்குச் சொந்தமானது. மார்ட்டல் கொம்பாட் 11-இல் ஜோக்கர், 2023 கேமில் பீஸ்மேக்கர். இருவரும் டிசி ஆட்கள், டிசியும் வார்னருடையது. திரும்பவும் அப்படித்தான்: டிசி நாயகர்கள் மோதும் இன்ஜஸ்டிஸ் 2-க்கு மார்ட்டல் கொம்பாட்டிலிருந்து சப் ஜீரோவும் ரெய்டனும் போனார்கள். இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நன்றாகவே செய்திருந்தார்கள். ஆனால் பட்டியலில் டிசி ஆள் வரும்போது ‘ஏன் இவர்?’ என்று யாராவது கேட்டால், முதல் காரணம் முகவரி என்று சொல்வேன்.

ஒரே கம்பெனியின் கதாபாத்திரங்கள் கூட வெவ்வேறு கைகளில் மாட்டிக்கொள்வது உண்டு. எனக்கு ஆறாத வருத்தம் மார்வெல் வெர்சஸ் கேப்காம் விஷயத்தில்தான். கேப்காமின் மார்வெல் சண்டை கேம்கள் தொடங்கியதே 1994-இல், எக்ஸ்மென் ஆட்களை வைத்து. வுல்வரின், மேக்னீட்டோ, ஸ்டார்ம் இல்லாமல் அந்தத் தொடரையே நினைக்க முடியாது. 2009-இல் டிஸ்னி மார்வெலை வாங்கியது. உரிம ஒப்பந்தம் முடிந்ததால் 2013 டிசம்பரில் அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3 டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 2017-இல் அந்தத் தொடரின் அடுத்த கேமான இன்ஃபினிட் வந்தபோது அதில் எக்ஸ்மென் ஒருவர்கூட இல்லை. அப்போது அவர்களுடைய சினிமா உரிமை ஃபாக்ஸிடம் இருந்தது. மார்வெல் தன் கையில் இருந்த படங்களின் நாயகர்களையே எங்கும் முன்னே நிறுத்தியது. ஒரு பாகப்பிரிவினையின் வேலி கேமுக்குள்ளும் வந்துவிட்டது. மேக்னீட்டோவைப் பத்து வருஷம் பழகிய ஆட்டக்காரருக்கு அந்தப் பழக்கம் முழுக்க வீணானது. டிஸ்னி ஃபாக்ஸை வாங்கி முடித்தது 2019-இல். இன்ஃபினிட்டைப் பொறுத்தவரை அது காலம் கடந்த சேதி.

விளம்பரக் காலண்டரையும் பார்க்க வேண்டும். டெர்மினேட்டர் மார்ட்டல் கொம்பாட் 11-க்குள் வந்தது 2019 அக்டோபர்; புதிய டெர்மினேட்டர் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது நவம்பர் 1. அடுத்த மார்ட்டல் கொம்பாட்டுக்குள் ஆம்னி மேன் 2023 நவம்பரில் வந்தான், அவன் வரும் இன்வின்சிபிள் தொடரின் இரண்டாம் சீசனும் அதே மாதம். ஹோம்லேண்டர் 2024 ஜூனில், அவன் வரும் தி பாய்ஸ் தொடரின் நான்காம் சீசனும் அதே ஜூனில். பிளேஸ்டேஷன் நாயகர்கள் மோதும் சோனியின் பிளேஸ்டேஷன் ஆல் ஸ்டார்ஸ் 2012-இல் வந்தது. அதில் டெவில் மே க்ரையின் டான்டே இருந்தான், ஆனால் எல்லாருக்கும் பிடித்த வெள்ளை முடி டான்டே இல்லை. 2013 ஜனவரியில் வரவிருந்த புதிய கேமின் கறுப்பு முடி டான்டே. மெட்டல் கியர் தரப்பில் ஸ்னேக் இல்லை, 2013 பிப்ரவரியில் வரவிருந்த ரைசிங் கேமின் ரெய்டன் (மார்ட்டல் கொம்பாட் ரெய்டன் வேறு ஆள்). பிளேஸ்டேஷனின் முகமாகவே ஒரு காலத்தில் இருந்த க்ராஷ் பாண்டிகூட் அதில் இல்லவே இல்லை, ஏனென்றால் உரிமை ஆக்டிவிஷனிடம் போயிருந்தது. பழைய நினைவுகளைக் கொண்டாட வேண்டிய கேம் அது. வரப்போகும் சரக்குக்கு அது இவ்வளவு இடம் கொடுத்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆள் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடுவதில்லை. முகத்துக்கு ஒரு ஒப்பந்தம், குரலுக்கு இன்னொன்று, இசைக்கு வேறொன்று. மார்ட்டல் கொம்பாட் 11-இல் டெர்மினேட்டருக்கு அர்னால்டின் முகம் இருந்தது, குரல் வேறொருவருடையது. ராம்போவுக்கு ஸ்டலோனே வந்து பேசினார். 2015-இல் ஃபைனல் ஃபேன்டசி 7 நாயகன் க்ளவுட் ஸ்மாஷுக்கு வந்தபோது அந்த கேமிலிருந்து கிடைத்தது இரண்டே இரண்டு பாடல்கள். அவ்வளவு புகழ்பெற்ற இசை கொண்ட ஒரு கேமிலிருந்து இரண்டு! 2020 டிசம்பரில் அதே கேமின் வில்லன் செஃபிரோத் வந்தபோதுதான் கூடுதலாகக் கிடைத்தது. நிபந்தனைகள் ஆட்டத்தின் குணத்தையே மாற்றுவதும் உண்டு. 2008-இல் மார்ட்டல் கொம்பாட்டும் டிசியும் மோதிய கேமில் ரத்தமும் கொடூரமும் வெகுவாகக் குறைக்கப்பட்டன. சூப்பர்மேன் கழுத்தை அறுக்க டிசி விடுமா?

சமீப உதாரணங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2025 ஏப்ரலில் எஸ்என்கே கம்பெனி வெளியிட்ட ஃபேட்டல் ஃப்யூரி: சிட்டி ஆஃப் தி வுல்வ்ஸ். தொடரின் நாயகன் டெர்ரி போகார்ட் இருக்கும் தெருச் சண்டை கேமில் கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோ. எந்த ரசிகரும் இப்படி ஒரு பட்டியல் எழுதியிருக்க மாட்டார். எஸ்என்கேயின் 96 சதவீதம் சவுதி அரேபியாவின் மிஸ்க் அறக்கட்டளையிடம் இருக்கிறது; அதை நிறுவியவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். ரொனால்டோ ஆடும் அல் நஸ்ர் அணியின் 75 சதவீதத்தை 2023-இல் வாங்கியது அந்த நாட்டின் பொது முதலீட்டு நிதியம். அதன் தலைவரும் அந்த இளவரசரே. இந்த உறவுகளை ஒதுக்கிவைத்துவிட்டு ரொனால்டோ வந்ததைப் புரிந்துகொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே கேமில் கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்து கென்னும் சுன்லியும் விருந்தாளிகளாக அறிவிக்கப்பட்டார்கள், அந்த கேம் வெளிவரும் முன்பே எஸ்என்கேயின் டெர்ரியும் மாயும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்குப் போயிருந்தார்கள். அந்தப் பரிமாற்றத்துக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. கேப்காமும் எஸ்என்கேயும் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்தே மோதி விளையாடுவதை ரசிகர்கள் பார்த்து வளர்ந்தவர்கள்.

தனிமனித நட்புக்கு இடமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஸ்மாஷில் ஸ்னேக்கைச் சேர்க்கும்படி சகுராயிடம் கேட்டவர் மெட்டல் கியரை உருவாக்கிய ஹிடேயோ கொஜிமாவே. 2008-இல் ஸ்னேக் வந்தான். 2014 கேமில் இல்லாமல் போனான். 2015-இல் கொஜிமா, மெட்டல் கியரின் உரிமையாளரான கொனாமியை விட்டுப் பிரிந்தார். ஆனால் 2018 கேமில் ஸ்னேக் திரும்பி வந்தான், கொஜிமா இல்லாமலே. நட்பு கதவைத் தட்டலாம், சாவி உரிமையாளரிடம். டெக்கனின் கட்சுஹிரோ ஹராடாவும் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் யோஷினோரி ஓனோவும் 2010-இல் ஒரே மேடையில் நின்று, இரு தொடர்களும் மோதும் இரண்டு கேம்களை அறிவித்தார்கள். கேப்காம் செய்தது 2012-இல் வந்தது. டெக்கன் தரப்பு செய்ய வேண்டியது கடைசி வரை வரவில்லை.

ஆனாலும் அந்த உறவு ஒரு நல்ல பலனைக் கொடுத்தது: டெக்கன் 7-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் அகுமா. வியாபாரத்தால் வந்தவர் என்பதால் ஒருவர் கேமுக்குப் பொருந்த மாட்டார் என்று நினைத்தால், அகுமாவை ஆடிப் பாருங்கள். மீட்டரும் ஃபயர்பாலுமாக ஸ்ட்ரீட் ஃபைட்டர் இலக்கணத்தை அப்படியே முப்பரிமாணத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஹெய்ஹாச்சியின் மிஷிமா குடும்பச் சண்டையின் கதையிலேயே அவரைக் கோத்துவிட்டார்கள். யாரைக் கொண்டுவருவது என்பது கம்பெனிகளின் கையில் இருந்தாலும், வந்தவர் எப்படி அடிக்கிறார், எப்படி விழுகிறார் என்பது கேம் செய்பவர்களின் கையில் இருக்கிறது. அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்மாஷ் அல்டிமேட்டிலும் கூடுதல் கதாபாத்திரங்கள் யார் யார் என்று முடிவு செய்தது நின்டெண்டோ. அவர்களை ஆடக்கூடியவர்களாக்க முடியுமா என்று பார்த்துச் செய்து கொடுத்தவர் சகுராய்.

அப்படியானால் ஓட்டுப் போட்டது வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. யாரிடம் கேட்க முடியும் என்பது உறவைப் பொறுத்தது என்றேன். ஆனால் எந்தக் கதவைத் தட்டப் பாடுபடலாம் என்று நின்டெண்டோவுக்குக் காட்டியது அந்த ஓட்டுகள்தான். ரேர் நிறுவனத்தின் கரடி நாயகன் பாஞ்சோவும் அப்படித்தான் வந்தான். 2002-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 37.5 கோடி டாலருக்கு வாங்கியபோது நின்டெண்டோவை விட்டுப் போனவன், ரசிகர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்து 2019-இல் திரும்பினான். சோரா வந்த அன்று நான் முதலில் பார்த்தது அவன் கையில் இருந்த சாவி வடிவ ஆயுதமான கீபிளேடை. அவனுடைய கேமில் கூடவே வரும் டிஸ்னியின் டொனால்டும் இல்லை, கூஃபியும் இல்லை. கீபிளேடின் கைப்பிடியில் தொங்கும் சங்கிலியில் மட்டும் குட்டியாக ஒரு மிக்கி தலை.