நிலவுப் பயணங்களின் பழைய புகைப்படங்களைச் சேகரிக்க ஆசை. அசல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படத்தை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அது தெளிவானால்தான் முதல் கேள்விக்கே அர்த்தம் வரும். உங்களுக்குப் படம் மட்டும் போதும் என்றால் காசு கொடுக்கவே வேண்டாம். நாசா படங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. அப்போலோ வீரர்கள் திருப்பிக் கொண்டுவந்த அசல் பிலிம் சுருள்கள் ஹூஸ்டனில் ஜான்சன் விண்வெளி மையத்தில் குளிரூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன, அவற்றை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மிக நுணுக்கமாக ஸ்கேன் செய்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி போட்டிருக்கிறார்கள். அதை எடுத்து நல்ல கடையில் பிரிண்ட் போட்டு மாட்டினால், 1969இல் வந்த எந்தப் பிரிண்டை விடவும் துல்லியமாக இருக்கும்.

சேகரிப்பவர்களான நாங்கள் தேடுவது அந்தக் காலத்துக் காகிதத்தை. பயணம் முடிந்த சில நாட்களிலோ மாதங்களிலோ இருட்டறையில் போட்டு, பத்திரிகைகளுக்கும் பள்ளிகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும், நிலவில் இறங்கும் கலத்தைக் கட்டிய கிரம்மன் போன்ற நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் கொடுத்த பிரிண்ட்கள் அவை. இன்று சந்தைக்கு வருகிறவற்றில் கணிசமானவை அப்படி யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருந்து, அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் விற்பவை. மனிதர்கள் நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், அது எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், இந்தக் காகிதம் ஒருவர் கையில் இருந்தது. எனக்கு அதுதான் பெரிய விஷயம். உங்களுக்கு அப்படித் தோன்றவில்லை என்றால் இதில் பணம் போடாதீர்கள், ஸ்கேனே போதும்.

சரி, அசலை எப்படிப் பார்ப்பது. வழக்கமான அளவு 8க்கு 10 அங்குலம். முன்பக்கம் மேலே இடது ஓரத்தின் வெள்ளை விளிம்பில் நாசா எண் அச்சாகியிருக்கும், அந்தக் காலத்துக் கலர் பிரிண்ட்களில் பெரும்பாலும் சிவப்பு நிறத்தில். சேகரிப்பவர்கள் "சிவப்பு எண் பிரிண்ட்" என்று தேடுவது இதைத்தான். அப்புறம் திருப்பிப் பாருங்கள். கோடாக் காகிதம் என்று சொல்லும் மங்கலான எழுத்துகள் குறுக்காக ஓடும், பல பிரிண்ட்களில் ஊதா மையில் ஒரு பத்தி விளக்கமும் இருக்கும். அந்தப் பத்தியை அவசரப்படாமல் வாசியுங்கள். ஹூஸ்டன் மையத்துக்கு 1973 பிப்ரவரி வரை 'மனித விண்கல மையம்' என்றுதான் பெயர், அதன் பிறகுதான் ஜான்சன் பெயரைச் சூட்டினார்கள். ஆகவே அப்போலோ 11 படத்தின் பின்னால் ஜான்சன் விண்வெளி மையம் என்று இருந்தால், அது 1969 பிரிண்ட் ஆக முடியாது, பிறகு போட்டது. காகிதமும் காலம் சொல்லும்: 1960களின் பிரிண்ட்கள் நார்க் காகிதத்தில் இருக்கும், தொட்டால் பின்பக்கம் வெறும் தாள் போலவே இருக்கும். 1970களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதம் அதன் இடத்தைப் பிடித்தது.

இப்போது அந்த எண். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஏஎஸ்11-40-5903 என்று இருந்தால் அப்போலோ 11, நாற்பதாம் எண் பிலிம் பெட்டி, 5903 என்ற எண்ணுள்ள படம். நிலவில் நிற்கும் ஆல்ட்ரினின் முகக்கண்ணாடியில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் இறங்குகலமும் தெரியும் அந்தப் புகழ்பெற்ற படம் இது. பிலிமில் பார்த்தால் படம் சாய்ந்திருக்கும், ஆல்ட்ரின் தலைக்கு மேலே இடமே இருக்காது, முதுகுப்பையின் ஆன்டெனா விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கும். நாசா வெளியிட்டபோது நேராக்கி, மேலே கறுப்பு வானத்தைச் சேர்த்துவிட்டது. பத்திரிகைக்குக் கொடுத்த படங்களுக்கு வேறு வரிசை எண் உண்டு, 69-எச்சி என்று தொடங்கினால் 1969இல் வாஷிங்டன் தலைமையகம் கொடுத்த கலர் படம். ஆக ஒரே காட்சிக்கு இரண்டு மூன்று எண்கள் இருக்கலாம், எது எந்தக் கை வழியாக வந்தது என்று எண்ணை வைத்தே சொல்லிவிடலாம்.

இதில் ஏஎஸ்11-40-5886 தனிக் கதை. நிலவின் தரையில் பெரும்பாலான நேரம் கேமரா ஆர்ம்ஸ்ட்ராங்கிடம் இருந்ததால், நிலவில் முதலில் கால் வைத்தவரின் நல்ல ஸ்டில் படம் இல்லை என்றே பல ஆண்டுகள் நம்பினார்கள். ஆல்ட்ரின் சுற்றிலும் வரிசையாக எடுத்த காட்சிகளில் ஒன்றில் ஆர்ம்ஸ்ட்ராங் கலத்தின் நிழலில், முதுகைக் காட்டியபடி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்திரிகைகளுக்கு அந்த நாளில் போகாத படம் என்பதால் அதன் பழைய பிரிண்ட் கண்ணில் படுவதே அரிது. 2020இல் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஒரே சேகரிப்பாளருடைய சுமார் 2,400 நாசா படங்களை ஏலம் விட்டபோது எல்லோர் கவனமும் இப்படிப்பட்டவற்றின் மேல்தான் இருந்தது. வெளியே போகாத படங்கள்தான் அரியவை, முன்னட்டைப் படங்கள் ஆயிரக்கணக்கில் அச்சாகியிருக்கின்றன.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. நாசா பள்ளிகளுக்கு வழங்கியவற்றில் ஏராளமானவை புகைப்படமே இல்லை, அச்சகத்தில் அடித்த தாள்கள். பத்து மடங்கு காட்டும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் சின்னச் சின்ன நிறப் புள்ளிகள் தெரியும், உண்மையான பிரிண்டில் நிறம் புள்ளியாகப் பிரியாது. அந்தத் தாள்களும் அழகானவை, மலிவானவை, வாங்கலாம், ஆனால் புகைப்பட விலை கொடுக்கக் கூடாது. கையெழுத்துப் போட்ட படங்களை, தொடக்கத்தில், தொடவே வேண்டாம் என்பேன். இயந்திரம் போட்ட கையெழுத்துகள் ஏராளம், ஆர்ம்ஸ்ட்ராங் கையெழுத்தில் போலி இன்னும் அதிகம், அவர் 1994இல் ரசிகர்களுக்குக் கையெழுத்திடுவதையே நிறுத்திவிட்டார்.

நிறம் மங்கியிருக்கிறதா என்று பார்க்க நிலவுப் படங்களில் ஒரு வசதி இருக்கிறது. நிலவின் தரை சாம்பல் நிறம், வீரர்களின் உடை வெள்ளை, வானம் கருமை. அந்தக் காலத்துக் கலர் காகிதத்தில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், உடனே தரை இளஞ்சிவப்பாகவும் வானம் பழுப்பாகவும் மாறிவிடும். பிறந்தநாள் படத்தில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், நிலவில் பார்த்தவுடன் தெரியும். விற்பவர் அனுப்பும் படத்தில் விளிம்பின் வெள்ளையையும் சேர்த்துப் பாருங்கள், அதுவும் மஞ்சளாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். வந்த பிறகு பாலியெஸ்டர் உறையில் போட்டு, இருட்டில், முடிந்தவரை குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பிவிசி உறையும் பசை தடவிய பக்கங்கள் உள்ள பழைய ஆல்பமும் பிரிண்டைக் கெடுக்கும். சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஈரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும், படத்தின் ஜெலட்டின் படலத்தில் பூஞ்சை பிடித்தால் மீட்பது கடினம். காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் பெரிய செலவில்லை. சுவரில் மாட்டத்தான் வேண்டும் என்றால் நகலை மாட்டுங்கள்.

எதை வாங்குவது? எல்லோரும் நிலவின் விளிம்புக்கு மேலே பூமி உதிக்கும் படத்தையே கேட்கிறார்கள். பில் ஆண்டர்ஸ் 1968 டிசம்பர் 24 அன்று அப்போலோ 8இலிருந்து எடுத்த அந்தப் படத்தின் மேல் எனக்கும் ஆசை உண்டு, ஆனால் அதே பயணத்தில் அதற்குச் சற்று முன்பு அவரே கறுப்பு வெள்ளையில் எடுத்த ஒரு பூமியுதயம் இருக்கிறது, அதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. என் மனதுக்கு நெருக்கமானவை அப்போலோ 12 படங்கள். அந்தப் பயணத்தில் டிவி கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பியதால் அது தொடக்கத்திலேயே கெட்டுப்போனது, நிலவில் இறங்கிய வீரர்கள் கான்ராடும் பீனும் அதன் பிறகு செய்த வேலையை உலகம் நேரலையில் பார்க்கவில்லை. ஸ்டில் படங்கள்தான் நமக்கு முக்கியமான கண். ஏஎஸ்12-49-7278இல் பீன் மண் மாதிரிக் குப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் முகக்கண்ணாடியில் கான்ராட் தெரிகிறார். கேமராவுக்குள் பிலிமுக்கு முன்னால் இருந்த கண்ணாடித் தகட்டின் கூட்டல் குறிகள் படம் முழுக்கப் பரவியிருக்கும், தூரமும் அளவும் கணக்கிட வைத்தவை அவை.

கடைசியாக நடைமுறை விஷயம். வாங்குவதற்கு முன் எண்ணை வைத்து அசல் பிலிம் ஸ்கேனைத் தேடி எடுத்து, விற்பவர் அனுப்பிய படத்தோடு ஒப்பிடுங்கள், வெட்டு, சாய்வு, நிறம் எல்லாம். பின்பக்கத்தின் படத்தையும் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள், அதே எண் பிரிண்ட் இன்னொருவரிடம் வரும்.